மூடிய போத்தலுக்குள் எவ்வளவு சீனி: இஞ்சி பியர் முதல் தொகுதி வெடித்த நிகழ்வின் ஆய்வு

நிகழ்வு

மட்டக்களப்பில் கச்சான் காற்று வீசும் காலம். அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் ஆலயத்தின் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு வரும் சனத்துக்கு விற்கலாம் என்று எண்ணி, கல்லடிக்குத் தெற்கே எழுவான்கரைக் கிராமம் ஒன்றில் நான்கு பெண்கள் சேர்ந்து 20 லீற்றர் இஞ்சி பியர் போட்டார்கள். வீட்டில் பியர் காய்ச்சிப் போத்தலில் அடைக்கும் குளிர்நாட்டு முறை ஒன்றைப் பார்த்து, மோல்ட்டுக்கு (முளைக்கவிட்டுக் காயவைத்த பார்லிக்கு) பதில் இஞ்சியும் சீனியும் என்று மாற்றிக்கொண்ட செய்முறை அது. 1 கிலோ இஞ்சி, 2 கிலோ சீனி, 20 தேசிக்காய், பாண் போடும் உடனடி ஈஸ்ட் 11 கிராம் பைக்கட் ஒன்று.

மாலையில் காய்ச்சி, இரவு 9 மணிக்கு ஈஸ்ட் தூவி, வாளியைத் துணியால் மூடி வைத்தார்கள். மறுநாள் இரவு 9 மணிக்கு மேலே நுரை கட்டியிருந்தது. வடித்துப் போத்தலில் ஊற்றினார்கள். கையிலிருந்தவை 750 மில்லிலீற்றர் சாராயப் போத்தல் 12, ஒன்றரை லீற்றர் பிளாஸ்ரிக் சோடாப் போத்தல் 7. எல்லாவற்றையும் கழுத்து வரை நிரப்பி, மூடியை இறுக்கி, தகரக் கூரை போட்ட பின்னறையில் அடுக்கினார்கள். "இரண்டு மூன்று நாள் அறை வெப்பநிலையில் வைக்கவும்" என்பதே செய்முறையின் கடைசி வரி.

அடுத்த நாள் பகல் 3 மணிக்கு முதல் போத்தல் வெடித்தது. அதன் துண்டுகள் பட்டு இரண்டும், கால் மணி நேரத்துக்குள் தானாகவே இரண்டும் வெடித்தன. கண்ணாடி கூரை வரை போயிருந்தது. அறையில் ஆள் இல்லாததால் காயம் எதுவும் இல்லை. சத்தம் கேட்டு ஓடி வந்தவர்களில் ஒருவர் உள்ளே போய்ப் பிளாஸ்ரிக் போத்தலைத் தூக்கிப் பார்த்தார். "தொட்டுப் பாரன் மச்சாள், கல்லு மாதிரி இரிக்கி." அடிப்பாகத்தின் ஐந்து கால்களும் வெளியே தள்ளி உருண்டிருந்தன, நிறுத்தினால் நிற்காமல் சாய்ந்தது. வெளியே கொண்டுபோய் மூடியைத் திருகியபோது பாதிக்கு மேல் நுரையாகிப் பீறி முற்றத்தில் ஓடியது.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது

காரணத்துக்குப் போகுமுன் இதைச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் ஆபத்து முதல் வெடிப்போடு முடிவதில்லை. ஒரு கண்ணாடிப் போத்தல் வெடித்தால், மீதி ஒவ்வொன்றையும் வெடிக்கப் போவதாகவே கொள்ள வேண்டும். கையால் தூக்கக் கூடாது. மூடியைத் திறந்து வாயுவை விடலாம் என்று முகத்தைக் கிட்டக் கொண்டுபோகக் கூடாது. சூடாறட்டும் என்று குளிர்ந்த தண்ணீரை மேலே ஊற்றுவது எல்லாவற்றிலும் மோசம். சடுதியான குளிரில் கண்ணாடி விரிசல் விடும். தடித்த சாக்கை நனைத்து நாலைந்து மடிப்பாக மேலே எறிந்து மூடிவிட்டு, கதவைச் சாத்தி, பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாமல் இரண்டு மூன்று நாள் அப்படியே விட வேண்டும். அதன் பிறகும் கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்குத் தடித்த உறையும் இல்லாமல் கிட்டப் போகக் கூடாது. பியர் போனால் போகட்டும். இரண்டு கிலோ சீனியின் விலைதான்.

பிளாஸ்ரிக் போத்தல் வேறு. அதை ஆளை நோக்காமல் வெளிப்பக்கம் திருப்பிப் பிடித்து, மூடியை நூலளவு நூலளவாகத் தளர்த்தி, "ஸ்ஸ்" என்ற சத்தம் அடங்க அடங்க மேலும் திருகலாம்.

எஞ்சிய ஏழு கண்ணாடிப் போத்தல்கள் வெடிக்காததற்கு அவை உறுதியானவை என்பது காரணமல்ல. ஒரு தரம் உடைத்துத் திறந்த அலுமினிய மூடியைத் திரும்பத் திருகினால் உள்ளே இருக்கும் மென்படை சரியாக உட்காராது. பலவற்றில் மூடியோரம் மெல்லிய விசில் சத்தத்துடன் வாயு கசிந்துகொண்டிருந்தது. நன்றாக மூடப்பட்டவைதான் வெடித்தன.

மீள அளந்து பார்த்தல்

முதல் தொகுதி போடும்போது அளவு கருவி எதுவும் இருக்கவில்லை. ஆகவே அதே விகிதத்தில் 5 லீற்றர் மறுபடியும் போட்டு, அதே பின்னறையில் திறந்த வாளியில் வைத்து, ஹைட்ரோமீற்றரால் தன்னீர்ப்பு (தண்ணீரோடு ஒப்பிட நீர்மம் எத்தனை மடங்கு கனம் என்ற எண்; சீனி தீரத் தீர அது இறங்கும்) எடுக்கப்பட்டது. ஈஸ்ட் போடும்போது 1.039. 24 மணி நேரத்தில், அதாவது போத்தலில் அடைத்த நேரத்தில், 1.034. அதிலிருந்து 18 மணி நேரத்தில், அதாவது வெடித்த நேரத்தில், 1.026. அறையின் வெப்பநிலை இரவில் 29 பாகை, பகல் 3 மணிக்கு 34 பாகை.

ஹைட்ரோமீற்றர் பிடிக்கும்போது இரண்டு விடயம் கவனிக்க வேண்டும். கருவி பெரும்பாலும் 20 பாகைக்கு அளவிடப்பட்டது. 30 பாகை நீர்மத்தில் அது 2 முதல் 3 புள்ளி (ஒரு புள்ளி என்பது 0.001) குறைத்துக் காட்டும், அதைக் கூட்டிக்கொள்ள வேண்டும் (மேலே உள்ளவை கூட்டிய அளவுகள்). மற்றது, வாயு உள்ள நீர்மத்தில் குமிழி ஒட்டிக் கருவியை மேலே தூக்கும். இரண்டு கோப்பைக்கு இடையில் இருபது முப்பது தரம் மாற்றி ஊற்றி வாயுவை விரட்டிவிட்டே அளக்க வேண்டும்.

இனி அந்த எண்கள் சொல்வதைப் பார்ப்போம். ஈஸ்ட் 1 கிராம் சீனியைத் தின்றால் ஏறக்குறைய பாதி எடை காபனீரொட்சைட்டாகவும் பாதி எடை மதுசாரமாகவும் மாறும். ஒரு லீற்றர் பானத்தில் ஒரு லீற்றர் வாயு கரைந்திருந்தால் அதை 1 மடங்கு என்போம்; அது ஏறத்தாழ 2 கிராம் வாயு. ஆகவே லீற்றருக்கு 4 கிராம் சீனி 1 மடங்கு வாயுவைத் தரும். தன்னீர்ப்பில் சொன்னால் 1 புள்ளி இறங்குவது லீற்றருக்கு 2 கிராம் சீனி, அதாவது அரை மடங்கு வாயு. மூடிய போத்தலில் 2 புள்ளிக்கு 1 மடங்கு. இந்த ஒரு கணக்கைக் கையில் வைத்திருந்தால் போத்தல் அடைப்பதில் பாதிப் பயம் தீரும்.

அடைத்த பின் 1.034 இலிருந்து 1.026 வரை 8 புள்ளி இறங்கியது. 4 மடங்கு வாயு. வாளியில் ஏற்கெனவே கரைந்திருந்த அரை மடங்குக்குச் சற்று மேற்பட்டதையும் சேர்த்தால் 4.6 மடங்கு. சாதாரண பியரில் 2.5 மடங்கு அளவிலும், நன்றாக வாயு ஏற்றிய கடைச் சோடாவில் 4 மடங்கு வரையிலும் இருக்கும். 4.6 மடங்கு வாயு 34 பாகையில் ஏறக்குறைய 6.5 பார் அமுக்கம் தரும். கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம். அதைப்போல மூன்று மடங்கு, அமுக்கத்துக்கென்று செய்யப்படாத ஒரு சாராயப் போத்தலுக்குள்.

வெப்பநிலையின் பங்கு இரண்டு வகையானது, இரண்டையும் குழப்பக் கூடாது. முதலாவது, சூட்டில் ஈஸ்ட் வேகமாக வேலை செய்யும். 20 பாகையில் இரண்டு மூன்று நாள் எடுப்பது 32 பாகையில் ஒரு நாளில் முடிந்துவிடும். குளிர்நாட்டுச் செய்முறை சொல்லும் "அறை வெப்பநிலை" 18 முதல் 20 பாகை. கச்சான் காலத்துத் தகரக் கூரை அறை அதற்குக் கிட்டவும் இல்லை. இரண்டாவது, அதே அளவு வாயு சூட்டில் குறைவாகவே கரையும். மிச்சம் அமுக்கமாக நிற்கும். 2.5 மடங்கு வாயு உள்ள போத்தல் 4 பாகையில் 0.7 பார், 20 பாகையில் 1.8 பார், 30 பாகையில் 2.8 பார். பிரிஜ்ஜிலிருந்து எடுத்து வெயிலில் வைத்தாலே, ஈஸ்ட் ஒரு துளி வேலையும் செய்யாமல், அமுக்கம் நான்கு மடங்காகும்.

ஆனால் மூல காரணம் சூடு அல்ல. 20 பாகையில் வைத்திருந்தாலும் இந்தத் தொகுதி வெடித்திருக்கும், இரண்டு நாள் பிந்தி.

பியருக்கும் இஞ்சி பியருக்கும் உள்ள வித்தியாசம்

பியர் காய்ச்சுபவர் போத்தலில் அடைப்பது ஈஸ்ட் தின்னக்கூடிய சீனி எல்லாம் தீர்ந்த பிறகு. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து அளந்து தன்னீர்ப்பு அசையாமல் நின்றால்தான் அடைப்பார். அப்போது லீற்றருக்கு 6 முதல் 8 கிராம் சீனியை நிறுத்துக் கரைத்துச் சேர்ப்பார். போத்தலுக்குள் வரப்போகும் வாயுவுக்கு உச்ச வரம்பு அந்தச் சீனிதான். ஈஸ்ட் எவ்வளவு வேகமாக வேலை செய்தாலும், எவ்வளவு நாள் விட்டாலும், இல்லாத சீனியிலிருந்து வாயு வராது.

இஞ்சி பியர் இனிப்பாக இருக்க வேண்டும். அதனால் லீற்றருக்கு 100 கிராம் சீனியோடும் உயிருள்ள ஈஸ்டோடும் சேர்த்து மூடியாகிவிடுகிறது. அந்தச் சீனி முழுவதும் வாயுவானால் 25 மடங்கு. அப்படி ஒரு போத்தல் உலகத்தில் இல்லை. இங்கே வரம்பு சீனி அல்ல, நேரம். அந்த நேரத்தை நிறுத்தும் ஒரே சாதனம் குளிர். பியருக்கு எழுதிய அடைக்கும் முறையை இஞ்சி பியருக்கு அப்படியே எடுத்ததில் விழுந்த ஓட்டை இதுதான். போத்தல் வகை, மூடி, தகரக் கூரை எல்லாம் அதற்குப் பின்னால் வருபவை.

இன்னொன்றும் அளவில் தெரிந்தது. 1.039 இலிருந்து 1.026 வரை 13 புள்ளி இறங்கினால் மதுசாரம் ஏறக்குறைய 1.7 வீதம். அடைத்த நேரத்திலேயே 0.6 வீதத்தைத் தாண்டியிருந்தது. பிள்ளைகளும் குடிக்கும் பானம் என்று நினைத்துப் போட்டது இது. 1912 ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் இல்லாமல் இலங்கையில் மதுபானம் தயாரிக்க முடியாது என்பதும், முஸ்லிம் ஊர்களான காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் இருந்து வாங்க வருபவருக்கு இது எந்த அளவிலும் ஏற்புடையதாகாமல் போகலாம் என்பதும் "கொஞ்சம் புளிச்சுப் போச்சு" என்று தள்ளிவிடக்கூடியவை அல்ல.

கைவிடப்பட்ட யோசனைகள்

வெடிப்புக்குப் பின் அந்த வீட்டிலும் அயலிலும் பல யோசனைகள் வந்தன. மூன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம், ஏனெனில் அவை எல்லா இடத்திலும் வருபவை.

மூடிய போத்தலைச் சுடுநீரில் வைத்து ஈஸ்டைக் கொல்வது: 60 பாகையில் ஈஸ்ட் சாகும் என்பது சரி. ஆனால் 2.5 மடங்கு வாயு உள்ள போத்தலை 60 பாகைக்குக் கொண்டுபோனால் உள்ளே அமுக்கம் 6 பாரைத் தொடும். அடுப்படியில், முகத்துக்கு நேரே. பிளாஸ்ரிக் போத்தல் அந்தச் சூட்டில் இளகி உருக்குலையும். வீட்டில் செய்யக் கூடாத வேலை.

பொட்டாசியம் சோர்பேட் என்ற பதனப்பொருளைப் போடுவது: அது ஈஸ்ட் பெருகுவதைத்தான் தடுக்கும். ஏற்கெனவே பெருகி நுரைத்துக்கொண்டிருக்கும் ஈஸ்ட் தின்பதை அது நிறுத்தாது.

ஈஸ்டைக் குறைப்பது: பத்தில் ஒரு பங்காகக் குறைத்தாலும் சில மணி நேரம்தான் பிந்தும். 30 பாகையில் ஈஸ்ட் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் இரட்டிக்கும். ஆயினும் குறைப்பது நல்லது. பாண் மணம் குறையும், அடிவண்டல் குறையும், கவனிக்க நேரம் கிடைக்கும்.

இரண்டாம் தொகுதி: குளிரால் நிறுத்துதல்

10 லீற்றர். இஞ்சி 500 கிராம், சீனி 900 கிராம், தேசிக்காய்ச் சாறு 200 மில்லிலீற்றர், ஈஸ்ட் 1 கிராம் (ஒரு தேக்கரண்டியில் மூன்றில் ஒரு பங்கு). எல்லாம் பிளாஸ்ரிக் சோடாப் போத்தலில்.

இஞ்சியில் பாதியை மெல்லியதாக வெட்டி 3 லீற்றர் தண்ணீரில் 20 நிமிடம் கொதிக்கவிட்டு, அடுப்பை நிறுத்தியபின் மற்றப் பாதியைத் துருவிப் போட்டு 15 நிமிடம் மூடி வைத்தார்கள். முழுவதையும் கொதிக்கவிட்டால் காரம் நிற்கும், மணம் போய்விடும். சிறிய நாட்டு இஞ்சி என்றால் இந்த அளவு போதும். பெரிய விரல் உள்ள சீன இஞ்சி என்றால் ஒன்றரை மடங்கு வேண்டும். வெள்ளைத் துணியை இரண்டாக மடித்து வடித்தார்கள். இந்த வடிப்பில் சோம்பல் கூடாது: இஞ்சித் தும்பு போத்தலில் இருந்தால் திறக்கும்போது அதைச் சுற்றி வாயு கிளம்பி எல்லாவற்றையும் வெளியே தள்ளும். சூடாயிருக்கும்போதே சீனியைக் கரைத்து, கொதித்தாறிய தண்ணீரால் 10 லீற்றர் ஆக்கி, 35 பாகைக்குக் கீழே வந்தபின் சாறும் ஈஸ்டும். சாறு விடும்போது புளிப்பு ஏறுவது சுவைக்கு மட்டுமல்ல, கெட்ட கிருமிகளை அடக்கவும்தான். அளவைக் குறைக்கக் கூடாது.

போத்தல்களை 5 வீத வீட்டுப் புளீச்சில் லீற்றருக்கு 4 மில்லிலீற்றர் கலந்த தண்ணீரில் இரண்டு நிமிடம் ஊறவைத்து, கொதித்தாறிய தண்ணீரால் இரண்டு தரம் அலசினார்கள். பிளாஸ்ரிக் போத்தலுக்குக் கொதிநீர் ஆகாது, சுருங்கிவிடும்.

ஈஸ்ட் கலந்து அரை மணி நேரத்துக்குள் அடைத்தாயிற்று. திறந்த வாளியில் வைத்திருப்பதால் மதுசாரம் ஏறுமே தவிர வாயு நிற்காது. வாளியில் செலவாகும் ஒவ்வொரு மணி நேரமும் வீண். மேலே மூன்று நான்கு சென்ரிமீற்றர் இடம் விட்டு, போத்தலின் நடுவைக் கையால் நெரித்து, காற்று வெளியேறி நீர்மம் வாய் வரை ஏறும்போது மூடியைத் திருக வேண்டும். போத்தல் ஒடுங்கிய நிலையில் நிற்கும். வாயு உண்டாக உண்டாக அது தானே நிமிரும். முழுதாக நிமிர்வது வாயு சேரத் தொடங்கிவிட்டது என்பதன் முதல் அடையாளம். பிறகு விரலால் அழுத்திப் பார்ப்பது. பக்கத்தில் கடையில் வாங்கிய, திறக்காத சோடாப் போத்தல் ஒன்றை ஒப்பிட வைத்துக்கொள்ள வேண்டும். அதே சூட்டில் இருக்க வேண்டும், பிரிஜ்ஜில் இருந்ததை ஒப்பிட்டால் ஏமாற்றும். கடைச் சோடாவைவிடச் சற்று இளக்கமாக இருக்கும்போதே நிறுத்த வேண்டும், ஏனெனில் குளிரும் வரையும் ஈஸ்ட் வேலை செய்யும்.

31 பாகையில் 14 மணி நேரத்தில் அந்தப் பதம் வந்தது. பெரும்பாலானவர்கள் தவறவிடும் இடம் இதற்கு அடுத்தது. பத்து லீற்றர் சூடான போத்தலைப் பிரிஜ்ஜில் அடுக்கினால் நடுவிலுள்ள போத்தல் 10 பாகைக்கு வர ஆறு மணி நேரத்துக்கு மேலாகும். அதற்குள் இன்னொரு மடங்கு வாயு ஏறிவிடலாம். மீன்காரர் பாவிக்கும் ரெஜிபோம் பெட்டியில் ஐஸும் தண்ணீரும் கலந்து, மூடி நனையாமல் கழுத்து வரை அமிழ்த்தி, இடைக்கிடை அசைத்தால் ஒரு மணி நேரத்தில் 5 பாகை அளவுக்கு வரும். 10 லீற்றரை 31 இலிருந்து 5 பாகைக்கு இறக்கக் கணக்குப்படி 3.3 கிலோ ஐஸ் உருக வேண்டும். பெட்டி, வெளிச்சூடு எல்லாம் சேர்த்து 6 கிலோ எடுத்தால் சரி. மீன் ஐஸ் என்றால் போத்தலை வெளியே எடுத்தபின் மூடியோரத்தை நன்றாகக் கழுவித் துடைக்காமல் திறக்கக் கூடாது.

அளவு: 1.035 இலிருந்து 1.030. ஐந்து புள்ளி, 2.5 மடங்கு, மதுசாரம் 0.65 வீதம். சுவை மிக நன்றாக இருந்தது. இஞ்சியின் காரம் தொண்டையில் நின்றது. பிரிஜ்ஜில் ஒரு கிழமைக்குப் பின் 1.029. ஆக, குளிர் ஈஸ்டை உறங்க வைக்கிறது, கொல்வதில்லை. பகல் முழுக்கக் கரண்ட் போனால் மீண்டும் விழித்துக்கொள்ளும். பிரிஜ்ஜில் இடமும் தடையில்லாத மின்சாரமும் ஒரு கிழமைக்குள் குடித்துத் தீர்க்க ஆளும் உள்ள வீட்டுக்கு இந்த முறை பொருந்தும். வேறு எவருக்கும் பொருந்தாது.

மூன்றாம் தொகுதி: சீனியால் நிறுத்துதல்

பியரின் பாடத்தை முழுமையாக எடுத்துக்கொண்டது இந்தத் தொகுதிதான். வாயுவுக்குத் தேவையான சீனி மட்டும். இனிப்புக்கு ஈஸ்ட் தின்னாத இனிப்பூட்டி. 20 லீற்றருக்குச் சீனி 160 கிராம், கோப்பையால் அல்ல, 1 கிராம் காட்டும் டிஜிட்டல் தராசால் நிறுத்தது. லீற்றருக்கு 8 கிராம். இஞ்சியிலும் தேசிக்காயிலும் இருந்து ஏறக்குறைய 1 கிராம் வரும். ஆக 9 கிராம். முழுவதும் தீர்ந்தாலும் 2.25 மடங்கு. 34 பாகையிலும் அமுக்கம் 3 பாருக்குள். மதுசாரம் 0.6 வீதத்துக்குக் கீழே, அதற்கு மேல் போகவே வழியில்லை. அரை வீதத்துக்குள் வைக்க விரும்பினால் சீனியை லீற்றருக்கு 6.5 கிராமாகக் குறைக்கலாம், வாயு 1.9 மடங்காகி, குமிழி சற்று மந்தமாக இருக்கும்.

இனிப்புக்குச் சுக்கிரலோஸ். அது சீனியைவிட ஏறக்குறைய 600 மடங்கு இனிப்பு. 20 லீற்றருக்குச் சுத்தமான தூள் 2.4 கிராம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. மேசையில் பாவிக்கும் இனிப்பூட்டிப் பைக்கட்டுகள் பலவற்றில் எடையில் பெரும்பங்கு டெக்ஸ்ட்ரோஸ். அதை ஈஸ்ட் சீனியைவிட விருப்பமாகத் தின்னும். சீனி இல்லை என்று நம்பி இனிப்புக்கு வேண்டிய அளவு பைக்கட் போட்டால் கணக்கு முழுவதும் பிழைக்கும். உறையின் பின்பக்கத்தை வாசித்து, டெக்ஸ்ட்ரோஸ் இருந்தால் அதையும் சீனியாகவே எண்ண வேண்டும். பனங்கட்டி, தேன், பழச்சாறு எல்லாவற்றுக்கும் இதே விதி.

சீனியை அரை லீற்றர் சுடுநீரில் கரைத்து ஊற்றி, வாளியின் அடிவரை நீளக் கரண்டியால் மெதுவாக ஒரு நிமிடம் கலக்கினார்கள். பாகு கனமானது, அடியில் தங்கும். கலக்காவிட்டால் முதல் போத்தல்கள் சப்பென்றும், கடைசிப் போத்தல்கள் வரம்பு மீறியும் இருக்கும். பியர் அடைப்பவர்களின் முதல் தொகுதியில் "ஒன்றில் வாயு இல்லை, ஒன்று வெடித்தது" என்ற முறைப்பாட்டுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

ஈஸ்ட் 2 கிராம். அடைத்து மூன்று நாள் பின்னறையில். போத்தல்கள் இறுகின, அடிப்பாகம் தட்டையாகவே இருந்தது. ஒரு போத்தலை வேண்டுமென்றே அதே தகரக் கூரையின் கீழ் ஒரு கிழமை விட்டார்கள். மூன்றாம் நாள் இருந்த இறுக்கத்தைத் தாண்டவில்லை, திறந்தபோது பீறவும் இல்லை. கண்ணாடியில் அடைப்பதாயிருந்தால் இந்த முறையில் மட்டும். அதுவும் சோடாவுக்கோ பியருக்கோ என்று செய்த தடித்த போத்தலில், புதுத் தகர மூடி போட்டு, மூடி அழுத்தும் கருவியால். வாயில் சிறு செதில் போயிருந்தாலும், தோளில் தேய்ந்த வளையம் இருந்தாலும் ஒதுக்கிவிட வேண்டும். சாராயம், சோஸ், கோடியல் போத்தல்களும் யாம் போத்தல்களும் எந்த முறைக்கும் ஆகாது.

சுவையில் விட்டுக்கொடுப்பு உண்டு. சீனி தரும் கனம் இல்லை. இஞ்சி கூர்மையாகத் தெரியும். சிலருக்கு இனிப்பின் பின்சுவை பிடிக்காது. இஞ்சியை லீற்றருக்கு 60 கிராமாக ஏற்றி, 20 லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி உப்புச் சேர்த்தால் வாய்க்கு நிறைவு வரும்.

வேறு குறைகள், சுருக்கமாக

அடியில் வெள்ளைப் படிவு: மேலே மென்மையாகக் கலங்குவது ஈஸ்ட், கீழே இறுகி உட்காருவது இஞ்சி மா. இரண்டும் கெடுதலில்லை. கூழ்முட்டை மணம்: ஈஸ்ட் போசணை இல்லாமல் திணறியது, திறந்து சற்று நேரம் வைத்தால் போகும். நூல் விட்டு வழவழவென்று ஊற்றினால்: சீனியைப் பசையாக்கும் பற்றீரியா புகுந்துவிட்டது, கொட்டிவிட்டு, வடித்த துணியையும் குழாயையும் எறிந்துவிட வேண்டும், கழுவிச் சரிவராது. மூன்று நாளாகியும் வாயு இல்லை: ஈஸ்ட் பழையது, அல்லது சூடு ஆறுமுன் போட்டுக் கொன்றாயிற்று, அல்லது மூடி கசிகிறது. போத்தலை நிமிர்த்தியபடியே மூடி அமிழத் தண்ணீருக்குள் பிடித்தால் கசிவு குமிழியாகத் தெரியும்.

விற்பனை

நால்வரும் தீர்த்தத்துக்கு ஈஸ்ட் போட்ட பானத்தை எடுத்துப் போகவில்லை. அதுவே சரியான முடிவு. வாயுவையும் மதுசாரத்தையும் ஈஸ்ட் ஒன்றாகவே தரும், பிரிக்க முடியாது. 2 மடங்கு வாயு வேண்டுமென்றால் அரை வீத மதுசாரம் கூடவே வரும். யார் குடிக்கிறார், என்ன வயது, என்ன விரதம் என்று தெரியாத திருவிழாக் கூட்டத்தில் அதைச் சொல்லாமல் கொடுப்பது நியாயமல்ல; சொல்லிக் கொடுத்தால் கேட்பவர் மார்க்க அறிஞரைக் கேட்கட்டும், தயாரிப்பவர் சொல்ல வேண்டியது அளவை மட்டும். அதோடு, தெருவோர வெயிலில் மூடிய போத்தல் அடுக்குவதில் உள்ள ஆபத்தும் இருக்கிறது.

அவர்கள் செய்தது இஞ்சிப் பாகு. 1.2 கிலோ இஞ்சி, 1.8 கிலோ சீனி, 400 மில்லிலீற்றர் தேசிக்காய்ச் சாறு. எல்லாம் சேர்த்து 4 லீற்றர். ஈஸ்ட் இல்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முதலே சொல்லி, கொதித்தாறிய தண்ணீரும் மூடிய பாத்திரமும் காட்டி அனுமதி பெற்றார்கள். கோப்பையில் முதலில் பாகு 60 மில்லிலீற்றர். அதன்மேல் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த வெறும் சோடா 240 மில்லிலீற்றர், கோப்பையைச் சரித்து ஓரத்தால். சோடாவை முதலில் ஊற்றிப் பாகை மேலே விட்டால் நுரைத்து வழியும். பாகும் ஐஸ் குளிராக இருக்க வேண்டும். சூடான பாகில் சோடாவின் வாயு பாதி அங்கேயே போய்விடும். கலந்த பானத்தில் 100 மில்லிலீற்றருக்கு 9 கிராம் சீனி. போத்தலில் அடைத்து விற்பதானால் 2016 முதல் நடைமுறையில் உள்ள சீனி நிறக்குறியில் அது செம்மஞ்சள். 11 கிராமைத் தாண்டினால் சிவப்பு.

பிறகு நிரந்தரமாகப் போத்தலில் விற்கத் தொடங்கினால் அதற்கு வழி உணவுத்தரக் காபனீரொட்சைட்டு உருளையும் அமுக்கச் சீராக்கியும். கலந்த பானத்தை 4 பாகைக்குக் குளிர்த்தி, பிளாஸ்ரிக் போத்தலில் முக்கால் பங்கு நிரப்பி, காற்றை நெரித்து வெளியேற்றி, 1 பார் அமுக்கத்தில் வாயுவைத் திறந்து, போத்தலைக் குலுக்க வேண்டும். உருளையிலிருந்து வாயு இழுபடும் சத்தம் நின்றால் 2.9 மடங்கு ஏறியாயிற்று. வெப்பமானி 4 பாகைக்குப் பதில் 15 காட்டினால் அதே 1 பாரில் 2 மடங்குதான் நிற்கும். அப்போது அமுக்கத்தைக் கூட்டாமல் இன்னும் ஐஸ் போட வேண்டும்.